பட்டாளத்திலிருந்து வந்த அண்ணனுக்கு உடனே செக்யூரிட்டி வேலை: அனுப்பலாமா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு வாசகி, 12 அக்டோபர் 2025

என் அண்ணன் 17 வருட சர்வீஸ் முடித்து ஜூலையில் பென்ஷன் வந்துவிட்டார். இன்ஃபன்ட்ரி, அதாவது காலாட்படை. கடைசியாகத் தீவிரவாத எதிர்ப்புப் படையான ராஷ்ட்ரிய ரைபிள்ஸோடு காஷ்மீரில் குப்வாரா பக்கம் இருந்தார். வந்ததிலிருந்து ஆளே வேறு மாதிரி இருக்கிறார். விடிவதற்கு முன் எழுந்து கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார், மாடியில் போய் நிற்கிறார். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்டால் சுவரோரம் உட்கார்ந்து, பந்தி முடிவதற்குள் கிளம்பிவிடுகிறார். குழந்தை டம்ளரைக் கீழே போட்டால் கத்துகிறார். மாமா ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டி வேலை பேசி வைத்திருக்கிறார். முதலில் நைட் ஷிஃப்ட்தான் என்றார்களாம். அண்ணன் போகமாட்டேன் என்கிறார். வேலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்கிறோம். பட்டாளத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள். இது திமிரா, வேறு ஏதாவதா? தீபாவளி வேறு வருகிறது.

12 அக்டோபர், இரவு

நைட் ஷிஃப்டுக்கு அனுப்பாதீர்கள் தங்கச்சி. மாமா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். காரணம் நாளைக்கு எழுதுகிறேன். இப்போது பேத்திக்குக் கதை சொல்ல வேண்டும்.

13 அக்டோபர்

நான் ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படை. 1996-ல் சேர்ந்தேன், 2018-ல் வந்தேன், 99 கார்கில் போரில் திராஸ் பக்கம் போஃபர்ஸ் பீரங்கியில் இருந்தேன். இப்போது கன்னங்குறிச்சியில் வீடு. பீரங்கிக்காரனும் இன்ஃபன்ட்ரிக்காரனும் ஒன்றில்லை என்று உங்கள் அண்ணனே சொல்வார். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அவர் விடிவதற்கு முன் எழுவதற்குப் பெயர் 'ஸ்டாண்ட் டு'. பொழுது புலரும் நேரமும் சாயும் நேரமும்தான் எதிரி தாக்க வசதியான நேரம் என்பதால், அந்த இரண்டு வேளையும் போஸ்ட்டில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியோடு அவரவர் இடத்தில் நிற்க வேண்டும். தூங்கியவன், சமைத்தவன், காய்ச்சல்காரன் எல்லோரும். வருடக்கணக்காக அப்படி நின்றவரின் உடம்புக்கு அம்மாபேட்டை வந்துவிட்டோம் என்று ஜூலை மாதத்திலேயே தெரியாது. கேட்டைப் பார்ப்பதும் மாடியில் நிற்பதும் அதுதான். பந்தியில் சுவரோரம் உட்காருவது முதுகுக்குப் பின்னால் ஆள் வராமல் இருக்க. ஹோட்டலில் நானும் கதவைப் பார்த்த நாற்காலியில்தான் இன்றைக்கும் உட்காருவேன். என் மச்சான் அதைக் கல்லாவைப் பார்த்து உட்காருகிறேன் என்று கிண்டல் செய்வான்.

இப்போது அந்த மில் வேலையை யோசியுங்கள். ராத்திரி முழுக்க இருட்டைப் பார்த்துக்கொண்டு, சத்தம் கேட்டால் டார்ச் அடித்து, தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தப் பழக்கத்தை அவர் உடம்பு மெதுவாக விட வேண்டுமோ அதையே மாதச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறார்கள். பகலில் தூக்கம் சரியாக வராது. தூக்கம் கெட்டால் கோபம் கூடும், அந்தக் கோபத்தை வாங்குவது குழந்தைகள். நம் ஊரில் பட்டாளத்துக்காரன் என்றதும் ஏ.டி.எம்., மில், காலேஜ் கேட் என்று வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். சிலருக்கு அது ஒத்துவரும். ராத்திரியில் தூங்காமல் மாடியில் நிற்கிற ஆளுக்கு, வந்த முதல் வருடத்தில், அதைவிட மோசமான வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் போகமாட்டேன் என்றது திமிர் மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று அவரால் சொல்ல முடியாமல் இருக்கலாம்.

13 அக்டோபர், மாலை

பட்டாளத்துக்கு ரேஷன் அனுப்பும் ஏ.எஸ்.சி. பிரிவில் கிளார்க்காக இருந்த நண்பர் ஒருவர், தான் வந்த மறு மாதமே நைட் வாட்ச்மேனாகச் சேர்ந்ததாகவும் ஒன்றும் ஆகவில்லை என்றும் எழுதியிருக்கிறார். சந்தோஷம் சாப். ரேஷன் கணக்கு எழுதியவருக்கும் காட்டுக்குள் சுற்றி வளைத்துத் தேடப் போனவருக்கும் ஒரே மருந்து வேண்டியதில்லை.

15 அக்டோபர்

"இதெல்லாம் அமெரிக்காக்காரன் வியாதி, நம் ஜவானுக்கு வராது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். வியாதிப் பட்டியலில் இதை பி.டி.எஸ்.டி. (பயங்கரமான அனுபவத்துக்குப் பின் வரும் மனபாதிப்பு) என்ற பெயரோடு சேர்த்தது அமெரிக்க மனநல மருத்துவர்கள்தான், 1980-ல், வியட்நாமிலிருந்து வந்தவர்களைப் பார்த்த பிறகு. ஆனால் 1915-லேயே பிரிட்டிஷ் ராணுவத்தில் இதை 'ஷெல் ஷாக்' என்று எழுதி வைத்துவிட்டார்கள். குண்டு விழும் சத்தத்தில் மூளை அதிர்ந்துவிட்டது என்று முதலில் நினைத்தார்கள். குண்டு விழாத இடத்தில் இருந்தவனுக்கும் வந்தபோதுதான் குழம்பினார்கள்.

நம் வீடுகளில் இதற்குக் காத்துக் கருப்பு என்று பெயர். நான் முதல் நீண்ட லீவில் வந்தபோது என் அத்தை எலுமிச்சம்பழம் மந்திரித்துத் தலையணைக்குக் கீழே வைத்தார். கெடுதல் ஒன்றும் இல்லை, தலையணைதான் மணந்தது.

டாக்டரிடம் போவது எப்போது என்று தங்கச்சி கேட்டிருந்தார். நடந்த சம்பவம் கண்ணுக்கு முன்னால் திரும்ப வருவது, அதே கனவு, அதை ஞாபகப்படுத்தும் இடங்களையும் ஆட்களையும் ஒதுக்குவது, சதா விழிப்பாகவே இருப்பது, வீட்டு மனிதர்களோடு ஒட்டாமல் போவது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் போய்விட வேண்டும். உங்கள் அண்ணன் ஜூலையில் வந்தார், இப்போது அக்டோபர். பேச்சு சிகிச்சை இருக்கிறது. நடந்ததை ஒரு பயிற்சி பெற்றவர் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒதுக்கி வைத்த இடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ப் பழகுவது. வாரம் ஒருமுறை என்று பொதுவாக 8 முதல் 15 அமர்வுகள். மாத்திரையும் உண்டு. இரண்டும் வேலை செய்கின்றன.

எங்கே போவது? முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.எச்.எஸ். அட்டை இருந்தால் பாலிகிளினிக் போய் ரெஃபரல் வாங்கலாம். 2003 ஏப்ரலில் வந்த திட்டம் அது, பல் பிடுங்குவதற்கு மட்டும் இல்லை. இல்லாவிட்டால் நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவு. வெட்கப்படுகிறார் என்றால் இதைச் சொல்லுங்கள்: மோகன் குமாரமங்கலத்தின் அண்ணன் ஜெனரல் பி.பி. குமாரமங்கலம் 1966 முதல் 1969 வரை தரைப்படைத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் லிபியாவின் பீர் ஹக்கீம் சண்டையில் டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் வாங்கி, அப்புறம் போர்க் கைதியாக இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கிடந்தவர். ஆர்ட்டிலரிக்காரர் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பெருமை. தளபதி வீட்டுப் பெயர் போட்ட கட்டடத்துக்குள் நுழைய ஹவில்தாருக்கு என்ன கூச்சம்?

போனில் பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ், எண் 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம், எந்த நேரமும். ராணுவத்தினருக்கென்றே அதில் ஒரு பிரிவை 2023 டிசம்பரில் புனேயில் தொடங்கினார்கள். செத்துவிடலாம் என்கிற மாதிரி அவர் பேச்சு போனால் காலை வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூப்பிடுங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள்.

18 அக்டோபர்

தீபாவளி. அவரை ஊருக்கு வெளியே எங்கேயாவது ஒளித்து வைக்க வேண்டாம். பட்டாசுச் சத்தத்தைவிட அது எப்போது வரும் என்று தெரியாததுதான் பிரச்சினை. நான் பீரங்கிக்கு ஒரு கை தூரத்தில் நின்றவன், அது எனக்குத் தொந்தரவாக இருந்ததில்லை, ஏனென்றால் 'ஃபயர்' என்ற வார்த்தை முதலில் காதில் விழும். தெருவில் ஒரு பொடியன் பின்னால் வந்து லட்சுமி வெடியைக் கொளுத்திப் போட்டால்தான் நெஞ்சு எகிறும்.

அதனால் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: அவரிடம் சொல்லிவிட்டு வெடி. முடிந்தால் திரியை அவரே கொளுத்தட்டும். அரசாங்கம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறது. சேலத்தில் அதைக் கடைப்பிடிப்பவர்களை மியூசியத்தில் வைக்கலாம், ஆனாலும் பெரும்பாலான சத்தம் எப்போது என்று அவர் ஒரு கணக்கு வைத்துக்கொள்ள உதவும். யாராவது ஒருவர் கூடவே இருங்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தட்டிக்கொடுக்காதீர்கள், எரிச்சல் வரும். சும்மா பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றால் போதும்.

21 அக்டோபர்

தீபாவளியன்று அண்ணன் இரவு ஒன்பது மணிக்கு மேல் மாடிக்குப் போய்விட்டாராம், அதுவரை வாசலில் இருந்தாராம். நல்லது.

இன்னொன்று. இன்ஃபன்ட்ரிக்காரர்களுக்கும் எங்களைப் போல் காது போவது உண்டு. எனக்கு இடது காதில் சில்வண்டுச் சத்தம் நிற்பதே இல்லை. கூட்டத்தில் யார் என்ன பேசுகிறார்கள் என்று பிரித்துக் கேட்க முடியாது, பதில் சொல்லாமல் இருந்தால் "மிலிட்டரித் திமிர்" என்பார்கள். கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரமும் மைக்கும் அலறும்போது அவர் ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். காதையும் சோதியுங்கள்.

2 நவம்பர்

தங்கச்சியின் சித்தப்பா, "ஏற்காட்டில் தெரிந்தவர் எஸ்டேட் இருக்கிறது, காப்பிப் பழம் எடுக்கிற சீசன், மேற்பார்வைக்குப் போகட்டும், மலைக்காற்று மனசுக்கு நல்லது" என்கிறாராம். எனக்கும் ஏற்காடு பிடிக்கும். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் எனக்குத் தலை லேசாகிவிடும்.

ஆனால் உங்கள் அண்ணன் குப்வாராவில் இருந்தவர். சரிவு, நெடுநெடுவென்று மரம், இரண்டு கெஜத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி, காய்ந்த சருகில் ஏதோ நடக்கிற சத்தம். நவம்பர் மாதம் ஏற்காட்டு எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நின்று பாருங்கள், அதே காட்சிதான். சருகில் நடப்பது காட்டுமாடாக இருக்கும், அது அவர் மூளைக்கு ஒரு நொடி தாமதமாகத்தான் தெரியும். என்னோடு சர்வீஸில் இருந்த ஒருவர், செம்மநத்தம் பக்கத்துக்காரர், சொந்த மலையிலேயே பனி இறங்கினால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவார். அமைதியான இடம் என்று நமக்குத் தோன்றுவது அவருக்கும் அப்படியே இருக்கும் என்று முடிவு கட்டாமல், முதலில் ஒரு நாள் வெயில் நேரத்தில் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். அவரே சொல்லட்டும்.

மலை என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. அங்கே எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் 87-ல் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். கார்கில் முடிந்து வந்த எங்களுக்கு ஸ்டேஷனில் மாலை போட்டார்கள். பெரியவர் போன இலங்கைப் போரில் இந்தியத் தரப்பில் 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். மிச்சப்பேர் 1990 மார்ச்சில் சென்னைக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அன்றைய தமிழ்நாட்டின் கோபத்துக்கு நியாயம் இருந்தது, அதில் நான் வாதாட வரவில்லை. ஆனால் அங்கே தமிழ் பேசுகிற கிராமத்துக்குள் சோதனைக்குப் போன தமிழ்ச் சிப்பாய், ஊருக்கு வந்து எந்தத் திண்ணையில் உட்கார்ந்து அதைச் சொல்வான்? பெரியவர் இத்தனை வருடமாக எந்த ஊரில் டூட்டி என்று கேட்டால் "வடக்கே" என்றே சொல்லிவந்தார். என்னிடம் ஒரே ஒரு தடவை, ஒரு கிழவி தன்னைத் தமிழில் திட்டியதைச் சொன்னார். என்ன திட்டினாள் என்று சொல்லவில்லை.

போரிலிருந்து வந்தவனுக்கு வேலை தேடுவதற்கு முன், அவன் பேச நினைத்தால் கேட்க ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். அதே யூனிட்டில் இருந்தவராக இருந்தால் ரொம்ப நல்லது. பழைய வாட்ஸ்அப் குரூப் ஒன்று எல்லோரிடமும் இருக்கும். அதில் குட்மார்னிங் படம் போடுகிறவர்களை விட்டுவிட்டு ஒருவரைப் போனில் கூப்பிடச் சொல்லுங்கள்.

9 நவம்பர்

ரம் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே எழுதுகிறேன். கேன்டீன் கோட்டா வந்த வாரம் சொந்தக்காரர்களுக்கு நம் மேல் எவ்வளவு பாசம்! என் பெரியப்பா மகன் மாதம் பிறந்தால் தவறாமல் உடம்பு எப்படி என்று விசாரிப்பான்.

குடித்தால் தூக்கம் சீக்கிரம் வரும், உண்மை. நடுராத்திரிக்கு மேல் அதே சரக்கு தூக்கத்தைக் கலைக்கும், கனவுகள் இன்னும் மோசமாக வரும், மறுநாள் இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். வீட்டில் பாட்டிலை ஒளித்து வைத்துச் சண்டை போட்டுப் பயனில்லை. டாக்டரிடம் போகும்போது தூக்கத்தையும் குடியையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் தூக்கத்தை மட்டும் சொல்வார்கள்.

தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். அதனால் சபரிமலைக்கு மாலை போட்டு நிறுத்திவிடுகிறேன் என்கிறவர்களும் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டு மாலை போடுங்கள்.

23 நவம்பர்

அண்ணன் மனநலப் பிரிவுக்குப் போக ஒத்துக்கொண்டாராம், ஒரு நிபந்தனையோடு: மாமாவுக்குத் தெரியக் கூடாது. தெரிய வேண்டாம்.

செக்யூரிட்டி வேலையையே கேவலப்படுத்துகிறேன் என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். 1986-ல் தமிழ்நாடு அரசு முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தரும் டெக்ஸ்கோ கழகத்தை ஆரம்பித்த நாளிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகின்றன. பகல் ஷிஃப்ட், நாலு பேரோடு சேர்ந்த இடம் என்றால் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் வேறு வழிகளும் உண்டு. மத்திய அரசு குரூப் சி பணிகளில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு. வங்கிகளில் கிளார்க் நிலையில் 14.5 சதவீதம். 2024 சுதந்திர தினத்தன்று அறிவித்த 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டத்தில் சொந்தத் தொழிலுக்கு 1 கோடி ரூபாய் வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பெயர் பதிந்திருந்தால்தான் இதில் எதுவும் நகரும். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (பென்ஷன் ஆணை), ஆதார் எடுத்துக்கொண்டு போங்கள், எல்லாவற்றிலும் பெயரின் எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட்டு. பட்டாள ரெக்கார்டில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங் என்று அலையாத ஆள் நம்மில் குறைவு.

கடன் திட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வந்த வருடத்திலேயே பெரிய முதல் போட்டு எதையும் தொடங்காதீர்கள். கிராஜுவிட்டி, கம்யூட்டேஷன் என்று கைக்குக் காசு வந்திருப்பது ஊருக்கே தெரியும். கூட்டு வியாபாரம் பேச வருகிறவனுக்கும் தெரியும்.

7 டிசம்பர்

கொடிநாள். 1949-லிருந்து இதே தேதி. ஒரு பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். பொன்னாடை, கைதட்டல், அப்புறம் ஆறாம் வகுப்புப் பையன் எழுந்து, "எத்தனை பேரைச் சுட்டீங்க?" என்றான். டீச்சர் பதறிவிட்டார். நாங்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய் விழும் குண்டு போட்டவர்கள், யார் மேல் விழுந்தது என்று எண்ணிப் பார்க்கவில்லை என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

பையனைக் குறை சொல்ல மாட்டேன். பெரியவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள், இரண்டாவது பெக்கில். உங்கள் அண்ணனிடம் யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். லங்கரில் என்ன சாப்பாடு, யூனிட்டில் எந்த ஊர்க்காரர்கள், பனியில் தண்ணீருக்கு என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மணிக்கணக்கில் பேசுவார். நானும் பேசுவேன், என் மனைவி அதைக் கேட்டுக் கேட்டு லே, திராஸ் சமையல் குறிப்பு எழுதுகிற நிலைக்கு வந்துவிட்டாள்.

2026 கடைசியிலிருந்து முதல் அக்னிவீர் பையன்கள் பட்டாளத்திலிருந்து வெளியே வரப் போகிறார்கள். நாலு வருட சர்வீஸ், அதற்குப் பிறகு 25 சதவீதம் பேர் வரை உள்ளே, மற்றவர்கள் சேவா நிதியாகச் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வீட்டுக்கு. பென்ஷன் இல்லை, ஈ.சி.எச்.எஸ். இல்லை. இருபத்திரண்டு வயதில் எல்லையிலிருந்து வருகிற பையனை எந்த மில் கேட்டில் நிறுத்தப் போகிறோம் என்று இப்போதே யோசிக்க வேண்டும். அவர்கள் 14416-க்குக் கூப்பிடலாம், அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அதை அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

18 ஜனவரி 2026

தங்கச்சி பொங்கல் வாழ்த்தோடு எழுதியிருக்கிறார். மில் வேலை போயேபோச்சு, மாமா இன்னும் பேசவில்லை. அண்ணன் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பகல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். எந்த வண்டி எத்தனை மணிக்கு, என்ன சரக்கு, டிரைவர் யார் என்று லிஸ்ட் போடுவது. பஞ்சாப், ராஜஸ்தான் டிரைவர்களிடம் பேச இந்தி தெரிந்த ஆள் வேண்டியிருந்ததாம். பட்டாள இந்தியில் அவர் திட்டுவது டிரைவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று முதலாளி சொன்னாராம். விடியுமுன் எழுவது மாறவில்லை. மாடிக்குப் போவது குறைந்திருக்கிறது. சிகிச்சை நடக்கிறது.

இப்போது புதுப் புகார் அண்ணியிடமிருந்து. சம்பளப் பணம், பால் கணக்கு, பிள்ளைகளின் டியூஷன் ஃபீஸ் எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டுக் கணக்குக் கேட்கிறாராம். அஞ்சறைப் பெட்டியைக்கூட வரிசைப்படுத்தி வைத்துவிட்டாராம்.

அண்ணி, இது வராத வீடு இல்லை. 17 வருடம் ரேஷன், ஸ்கூல், பேங்க், மாமனார் ஆபரேஷன் எல்லாம் நீங்கள் தனியாகப் பார்த்தீர்கள். லீவில் வருகிற மனுஷன் விருந்தாளி, அவரைச் சமாளித்துவிடலாம். இப்போது வந்தவர் திரும்பிப் போகப் போவதில்லை, வீட்டில் இரண்டு சுபேதார் ஆகிவிட்டது. என் வீட்டில் முதல் வருடம் நான் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நகம் பார்த்தேன். என் மனைவி, "இது உங்க பீரங்கிப் படை இல்ல, வீடு" என்று ஒரே வார்த்தையில் கலைத்துவிட்டாள். அப்புறம் தண்ணீர் மோட்டார், கேஸ் புக்கிங், வண்டி சர்வீஸ், என் அம்மாவின் மருந்து என்று சிலதை முழுசாக என் தலையில் கட்டினாள். முழுசாக என்றால் அவள் நடுவில் வந்து எட்டிப் பார்க்கமாட்டாள், தப்பாகச் செய்தாலும் சரி. மற்றதில் நான் வாயே திறக்கக் கூடாது.

நீங்களும் அப்படிப் பிரியுங்கள். கணக்கு நோட்டைக் கொடுக்காதீர்கள், அது கையில் போனால் திரும்பி வராது. அஞ்சறைப் பெட்டியை மட்டும் அவர் வைத்த வரிசையிலேயே விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கிறது, கடுகு முதலில், தேடாமல் கிடைக்கிறது.